பத்து இழுப்பில் சுயாதீன சக்தி வேறுபாடு: மிச்ச இழுப்புகளை எந்தத் திசையில் செலவழிப்பது?

தம்பி, உங்கள் கேள்வி மற்றவர்களுக்கும் விளங்க வேண்டும் என்பதால் அதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கறுவாவுக்கு வாசம் கொடுக்கும் சினமால்டிகைட்டு மூலக்கூறு ஒன்றை, ஏழு குளுக்கோசு அலகுகள் சேர்ந்த பீற்றா சைக்ளோடெக்ஸ்ட்ரின் வளையத்துக்குள் வைத்திருக்கிறீர்கள். மூலக்கூறுகளின் அசைவைக் கணினியில் கணிக்கும் கிரோமக்ஸ் மென்பொருளில், ஒரு கற்பனைச் சுருள்வில்லால் பிடித்து அதை வெளியே இழுக்கிறீர்கள். ஓர் இழுப்புக்கு 10 நனோசெக்கன். உப்புவெளி அறையில் இருக்கும் ஒரே மடிக்கணினியில் பத்து இழுப்பு முடிந்துவிட்டது. ஆய்வறிக்கை ஒப்படைக்கும் நாளுக்குள் இன்னும் பத்துக்குத்தான் நேரம். மேற்பார்வையாளர் ஜார்ஸின்ஸ்கி சமன்பாட்டைப் போடச் சொல்கிறார். நண்பர் வெறும் சராசரியே போதும் என்கிறார். உள்ளே இருக்கும் நிலைக்கும் வெளியே நிற்கும் நிலைக்கும் இடையிலான சுயாதீன சக்தி வேறுபாடாக (அந்த மாற்றத்துக்குத் தேவையான குறைந்தபட்ச வேலையாக) எந்த எண்ணை எழுதுவது, மிச்சப் பத்தை என்ன செய்வது என்று கேட்கிறீர்கள்.

மிச்சப் பத்தையும் எதிர்த்திசையில் ஓட்டுங்கள். அதாவது வெளியே நிற்கும் மூலக்கூறை வளையத்துக்குள் கொண்டு போங்கள். அளவீடுகள் குறைவாக இருக்கும்போது ஒரே திசையில் இருபது எடுப்பதைவிட, பத்தும் பத்துமாகப் பிரித்து எடுப்பது மிக நல்லது. நான் இந்த விடயத்தில் உறுதியாகச் சொல்லக்கூடியது இது ஒன்றுதான். ஏன் என்பதை உங்கள் எண்களை வைத்தே காட்டுகிறேன்.

அளவு ஒன்றை முதலில் பிடித்துக்கொள்வோம். போல்ட்ஸ்மான் மாறிலியையும் வெப்பநிலையையும் பெருக்கினால் வருவதை இனி கே.ரி என்று எழுதுகிறேன். 300 கெல்வினில் 1 கே.ரி என்பது மோலுக்கு ஏறத்தாழ 2.49 கிலோயூல். ஒற்றை மூலக்கூறை ஒளிக்கற்றையால் பிடித்து இழுக்கும் ஆய்வுகூடக் கருவிகளின் கணக்கில் சொன்னால், ஒரு மூலக்கூறுக்கு 4.14 பிக்கோநியூற்றன் நனோமீற்றர். கீழே வரும் எண்கள் எல்லாம் கே.ரி அளவில்.

மெதுவாக, சமநிலை குலையாமல் இழுத்தால் செய்த வேலையும் சுயாதீன சக்தி வேறுபாடும் ஒன்றே. வேகமாக இழுத்தால் கொஞ்சம் வேலை வெப்பமாக வீணாகும். ஆகவே சராசரி வேலை எப்போதும் சுயாதீன சக்தி வேறுபாட்டைவிடக் கூடுதலாகவே நிற்கும். கூடுதலாக நிற்கும் அந்தப் பகுதியை விரயம் என்போம். இது இரண்டாம் விதி. நூறாண்டுக்கு மேல் தெரிந்த சங்கதி. 1997இல், லோஸ் அலமோஸில் இருந்த கிறிஸ்டோபர் ஜார்ஸின்ஸ்கி காட்டியது அதற்கு அப்பால் போனது. ஒவ்வோர் இழுப்பின் வேலையையும் கே.ரியால் வகுத்து, எதிர்க்குறி போட்டு, இயற்கை அடுக்குக்குறி எடுத்து (அதாவது e என்ற மாறிலியை அந்த அடுக்குக்கு உயர்த்தி), அவற்றைச் சராசரியாக்குங்கள். அந்தச் சராசரியின் மடக்கைக்கு எதிர்க்குறி போட்டால் சுயாதீன சக்தி வேறுபாடு கிடைக்கும். எவ்வளவு வேகமாக இழுத்தாலும் சரி, விரயம் எவ்வளவானாலும் சரி, இது அண்ணளவு இல்லை, சமன்பாடு. 2002இல் பஸ்டமாண்டே குழுவினர் ஒற்றை ஆர்.என்.ஏ மூலக்கூறை ஒளிக்கற்றையால் பிடித்து இழுத்து, மீளாத இழுப்புகளில் இருந்தே அரை கே.ரி துல்லியத்துக்குள் சரியான விடையை மீட்டுக் காட்டினார்கள். உங்கள் மேற்பார்வையாளர் சொல்வதற்குப் பின்னால் இவ்வளவு பலம் இருக்கிறது.

ஆனால் அந்தச் சமன்பாடு முடிவில்லாத எண்ணிக்கையான இழுப்புகளுக்கானது. உங்களிடம் இருப்பது பத்து.

நீங்கள் அனுப்பிய வேலை எண்கள் இவை: 14.2, 12.8, 15.1, 11.9, 13.6, 16.0, 12.4, 14.7, 13.1, 9.2. வெறும் சராசரி 13.3. ஜார்ஸின்ஸ்கி வழியில் போட்டால் 11.3. நண்பருக்கும் மேற்பார்வையாளருக்கும் இடையில் 2 கே.ரி வித்தியாசம், மோலுக்கு ஏறத்தாழ 5 கிலோயூல்.

இப்போது அடுக்குக்குறி எடுத்த பத்து எண்களையும் வரிசையாக எழுதிப் பாருங்கள். கடைசியாக இருக்கும் 9.2 மட்டுமே மொத்தத்தில் 85 சதவீதம். மற்ற ஒன்பதும் சேர்ந்து 15. 16.0 வந்த இழுப்பின் பங்கு ஆயிரத்தில் ஒன்று அளவுதான். அதற்காகக் கணினி ஓடிய நேரம் கணக்கில் தெரியவே இல்லை. அந்த 9.2ஐ எடுத்துவிட்டு மிச்ச ஒன்பதை வைத்துக் கணக்குப் போட்டால் விடை 13.1. ஓர் இழுப்பு நடந்ததா இல்லையா என்பதில் விடை 1.8 கே.ரி ஆடுகிறது. அந்த ஓர் இழுப்பின்போது மின்சாரம் நின்றிருந்தால் நீங்கள் 13.1 என்று எழுதி ஒப்படைத்திருப்பீர்கள், சந்தேகப்படக் காரணமும் இருந்திருக்காது.

நிலாவெளிப் பக்கம் கரைவலை இழுப்பவர்களிடம் பேசிப் பார்த்தால் இது இன்னும் நன்றாக விளங்கும். சோளகக் காலத்தில் நாளாந்தம் வருவது சூடையும் நெத்தலியும். என்றாவது ஒருநாள் பாரைக் கூட்டம் ஒன்று மடிக்குள் ஏறும். சம்மாட்டியின் பருவக் கணக்கை நிமிர்த்துவது அந்த ஒரு நாள். பத்து நாள் கரையில் நின்று கொப்பியில் எழுதியவர் அந்த நாளைக் காணாவிட்டால் பருவ வருமானத்தைக் குறைத்துத்தான் சொல்வார். தற்செயலாகக் கண்டுவிட்டால் ஏற்றிச் சொல்வார். அடுக்குக்குறிச் சராசரியும் இதே குணம் உள்ளது. வழக்கமான இழுப்புகள் அதற்குப் பெரிதாக எதுவும் சொல்வதில்லை. அபூர்வமாக வரும் குறைந்த வேலை இழுப்புகள்தான் விடையைத் தீர்மானிக்கின்றன.

எவ்வளவு அபூர்வம் என்று கணக்கிடலாம். வேலையின் பரம்பல் மணி வடிவச் செவ்வன் பரம்பலாக இருந்தால், விரயம் என்பது மாறற்றிறனின் (நியம விலகலின் வர்க்கத்தின்) பாதி, எல்லாம் கே.ரி அளவில். உங்கள் பத்தின் மாறற்றிறன் 3.7, ஆகவே விரயம் ஏறத்தாழ 1.85. அடுக்குக்குறிச் சராசரியின் பாரம் எல்லாம் குவியும் இடம் சராசரியில் இருந்து விரயத்தின் இரண்டு மடங்கு கீழே, அதாவது 9.6ஐச் சுற்றி. உங்கள் பரம்பலில் 9.6க்குக் கீழே விழும் வாய்ப்பு ஏறத்தாழ 36இல் ஒன்று. பத்து இழுப்பில் அப்படி ஒன்று உங்களுக்குக் கிடைத்தது அதிர்ஷ்டம்.

விரயம் கூடக் கூட நிலைமை எவ்வளவு விரைவாகக் கெடுகிறது என்பதையும் பாருங்கள். விரயம் 5 கே.ரி என்றால் அந்தப் பாரமான இடம் சராசரியில் இருந்து 3.16 நியம விலகல் கீழே. அங்கே விழும் வாய்ப்பு ஏறத்தாழ 1,300இல் ஒன்று. விரயம் 10 கே.ரி என்றால் 4.47 நியம விலகல். இரண்டரை லட்சத்தில் ஒன்று. பெரிய புரதத்தில் இருந்து மருந்து மூலக்கூறை அவசரமாக இழுத்தால் விரயம் இதைவிட எளிதாகக் கூடிவிடும். அந்த நிலையில் இருபது இழுப்பை வைத்து ஜார்ஸின்ஸ்கி போடுவது, கண்ணில் பட்டவற்றுள் மிகக் குறைந்த எண்ணை விடை என்று எழுதுவதற்குச் சமம்.

இதில் இன்னொரு பொறி இருக்கிறது. வழுவைக் கணிக்க நம்மில் பலர் செய்வது, கையில் இருக்கும் பத்தில் இருந்தே திரும்பத் திரும்பப் பத்து எடுத்து, விடை எவ்வளவு ஆடுகிறது என்று பார்ப்பது. பரம்பலின் ஓரத்தில் அபூர்வமாக வரும் வால் பகுதியைத் தொட்டே இராத தொகுதியில் இது அழகான, சின்ன வழுவைக் காட்டும். அந்த 9.2 இல்லாத ஒன்பதில் செய்து பாருங்கள், விடை அமைதியாக 13ஐச் சுற்றியே நிற்கும். காணாத மீனைக் கொப்பியைப் புரட்டிக் கண்டுபிடிக்க முடியாது. அதோடு, இந்தப் பிழை இரண்டு பக்கமும் சமமாக ஆடும் பிழையும் இல்லை. குறைந்த எண்ணிக்கையில் ஜார்ஸின்ஸ்கி விடை, சராசரியாகப் பார்த்தால், எப்போதும் உண்மையைவிட மேலேதான் நிற்கும். ஒரேயொரு இழுப்பு என்றால் அந்தச் சாய்வு முழு விரயத்துக்கும் சமம். எண்ணிக்கை கூடக் கூட மெல்லக் குறையும். கோர், ரிட்டோர்ட், பஸ்டமாண்டே மூவரும் 2003இல் எழுதிய கட்டுரை இந்தச் சாய்வு எண்ணிக்கையோடும் விரயத்தோடும் எப்படி மாறுகிறது என்பதை விரிவாக ஆராய்ந்தது. ஒரு திசை அளவீடு மட்டுமே சாத்தியமான வேலைகளுக்கு அது அவசியம் படிக்க வேண்டியது.

சரி, எதிர்த்திசைக்கு வருவோம்.

கவின் குரூக்ஸ் 1999இல் நிறுவிய தொடர்பு ஜார்ஸின்ஸ்கி சமன்பாட்டுக்கு அடிப்படையாகவே நிற்கக்கூடியது. முன்னோக்கி இழுக்கும்போது ஒரு குறிப்பிட்ட வேலையைச் செலவழிக்கும் நிகழ்தகவையும், பின்னோக்கி விடும்போது அதே வேலை திரும்பிக் கிடைக்கும் நிகழ்தகவையும் எடுத்து வகுத்தால், அந்த விகிதம் வேலைக்கும் சுயாதீன சக்தி வேறுபாட்டுக்கும் இடையிலான வித்தியாசத்தை மட்டுமே பொறுத்தது. இரண்டு பரம்பல்களையும் ஒரே தாளில் வரைந்தால், அவை ஒன்றையொன்று வெட்டும் இடம்தான் விடை. 2005இல் கொண்டை ஊசி போல மடிந்த ஆர்.என்.ஏ இழைகளை விரித்தும் மடித்தும் இதைச் சோதித்துப் பார்த்து, தொடர்பு சரி என்று காட்டினார்கள்.

இதன் பலன் என்ன? முன்னோக்கிய பரம்பலில் அபூர்வமாக வரும் வால் பகுதி இருக்கிறதே, அது எதிர்த்திசையில் இழுப்பவருக்கு வழக்கமாக வரும் பகுதி. 36 தடவை காத்திருந்து ஒரு தடவை பார்க்க வேண்டியதை, எதிர்த்திசையில் நாளாந்தம் பார்க்கலாம்.

எதிர்த்திசையில் உங்களுக்குத் திரும்பக் கிடைத்த வேலை இப்படி இருந்தது என்று வைத்துக்கொள்வோம். கணக்குக்காக நான் எழுதும் எண்கள்தான்: 9.8, 8.1, 10.6, 9.0, 11.7, 7.4, 9.3, 8.6, 10.1, 9.4. சராசரி 9.4. முன்னோக்கிய சராசரி 13.3. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 11.35. பள்ளிக்கூடக் கணக்கு. இரண்டு பரம்பலும் செவ்வன் வடிவத்துக்கு அண்மையில், ஒரே அகலத்தோடு இருந்தால் இதுவே நல்ல விடை. இரண்டு சராசரிக்கும் இடையிலான 3.9 என்பது இரு திசைகளின் விரயமும் சேர்ந்தது; திசைக்கு 1.95. மாறற்றிறனின் பாதியாக நாம் முன்னர் கண்டது 1.85. இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்று இந்த இடத்தில் கட்டாயம் பாருங்கள். ஒன்று 2, மற்றது 6 என்று வந்தால் ஏதோ பிழை: பரம்பல் செவ்வன் இல்லை, அல்லது தொடக்க நிலைகள் சரியில்லை.

இதைவிட ஒரு படி நல்ல வழி சார்ள்ஸ் பென்னட் 1976இலேயே கொடுத்தது. அவர் அதைச் சமநிலைக் கணிப்புகளுக்காக எழுதினார்; பின்னர் இழுப்பு வேலைக்கும் அதே சூத்திரம் பொருந்தும் என்பது தெரிந்தது, 2003இல், கையில் இருக்கும் எண்கள் வருவதற்கு அதிகூடிய வாய்ப்பைக் கொடுக்கும் கணிப்பு அதுவே என்பதையும் காட்டினார்கள். செய்முறை இது. விடைக்கு ஓர் ஊகம் வைத்துக்கொள்ளுங்கள். முன்னோக்கிய ஒவ்வொரு வேலையில் இருந்தும் ஊகத்தைக் கழித்து, அடுக்குக்குறி எடுத்து, ஒன்றைக் கூட்டி, தலைகீழாக்குங்கள். எதிர்த்திசையில், ஊகத்தில் இருந்து திரும்பக் கிடைத்த வேலையைக் கழித்து அதையே செய்யுங்கள். இரு பக்கமும் இழுப்புகளின் எண்ணிக்கை சமமாக இருந்தால், இரண்டு கூட்டுத்தொகையும் சமமாகும் ஊகமே விடை. மேலே உள்ள இருபது எண்களுக்கும் செய்தால் 11.2 வருகிறது, இரண்டு பக்கக் கூட்டும் 1.93இல் சந்திக்கின்றன. பென்னட்டின் வழுச் சூத்திரம் 0.5 கே.ரி என்கிறது.

இந்த வழியின் நிதானம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஜார்ஸின்ஸ்கியில் ஒரு குறைந்த எண் எவ்வளவு வேண்டுமானாலும் பாரமாகலாம், அதற்கு மேல் எல்லை இல்லை. பென்னட்டின் சூத்திரத்தில் எந்த ஓர் இழுப்பின் பங்கும் ஒன்றைத் தாண்ட முடியாது. அதே 9.2ஐ இப்போது எடுத்துவிட்டு, ஒன்பதும் பத்துமாகக் கணக்கிட்டால் விடை 11.5. முன்பு 1.8 ஆடிய இடத்தில் இப்போது 0.3தான் ஆடுகிறது. ஒரு மணித்தியாலம் ஒதுக்கி இதைக் கையாலேயே போட்டுப் பாருங்கள். அப்புறம் இந்தக் கணக்குகளுக்கான பைதன் மென்பொருள் நூலகமான பைம்பாரில் ஓடவிட்டு ஒப்பிடுங்கள். இழுப்பு வேலைகளை நேரே கொடுக்க அது வசதி.

இரண்டு திசையிலும் தனித்தனியே ஜார்ஸின்ஸ்கியும் போட்டு வையுங்கள். முன்னோக்கி 11.3, எதிர்த்திசையில் 10.1. முதலாவது சராசரியாக மேல்நோக்கியும் இரண்டாவது கீழ்நோக்கியும் சாய்பவை என்பதால், உண்மை பெரும்பாலும் இரண்டுக்கும் இடையில். இரண்டும் 5 கே.ரி விலகி நின்றால் எந்தச் சூத்திரமும் உங்களைக் காப்பாற்றாது. மெதுவாக இழுக்க வேண்டியதுதான்.

மெதுவாக என்றதும் அடுத்த கேள்வி வரும்: பத்து நீண்ட இழுப்பா, நாற்பது குறுகிய இழுப்பா? மொத்தக் கணினி நேரம் மாறவில்லை என்று வையுங்கள். சமநிலைக்கு அண்மையில், இழுப்பு நேரத்தை இரட்டித்தால் விரயம் பாதியாகும், எண்ணிக்கையும் பாதியாகும். இரு சராசரிகளின் பாதிக்கூட்டின் வழு, விரயத்தைத் திசைக்குரிய எண்ணிக்கையால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் வரும். விரயம் 2, திசைக்குப் பத்து: 0.45 கே.ரி. விரயம் 1, திசைக்கு ஐந்து: அதே 0.45. விரயம் 4, திசைக்கு இருபது: அதே 0.45. இரு திசையில் இழுப்பவருக்கு வேகம் இந்த எல்லைக்குள் பெரிய பிரச்சினையே இல்லை. ஒரு திசையில் இழுப்பவருக்கோ விரயம் 4 என்றால் பாரமான இடம் 430இல் ஒன்று, கையில் நாற்பது இழுப்பு. என் விருப்பம், விரயத்தை 1 முதல் 2 கே.ரிக்குள் வைத்துக்கொள்வது. அதற்கு மேலே செவ்வன் வடிவம் குலையத் தொடங்கினாலும் சில இழுப்புகளில் அதைக் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே உங்கள் 10 நனோசெக்கன் நல்ல தெரிவு, மாற்ற வேண்டாம்.

எதிர்த்திசை ஓட்டத்தில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. முன்னோக்கிய இழுப்பு முடிந்த இடத்தில் இருந்து அப்படியே திருப்பி விடாதீர்கள். அந்தக் கட்டமைப்பு இழுபட்டுக் களைத்த நிலை, சமநிலை இல்லை. சுருள்வில்லை வெளி நிலையில் நிறுத்தி, அங்கே நன்றாக ஓடவிட்டு, இடைவெளி விட்டுப் பத்துத் தொடக்க நிலைகளை எடுங்கள். இதற்குச் செலவாகும் நேரத்தையும் இப்போதே கணக்கில் சேருங்கள். வேகம், வில்லின் கடினம் எல்லாம் முன்னோக்கியதன் நேர்ப் பிரதிபலிப்பாக இருக்க வேண்டும். வேலை என்பது வில்லின் விசையை வில் நகர்ந்த தூரத்தால் பெருக்கிக் கூட்டுவது, மூலக்கூறு நகர்ந்த தூரத்தால் அல்ல. பலர் தடுக்கும் இடம் இது.

உங்கள் தொகுதிக்கே உரிய சிக்கல் ஒன்றும் இருக்கிறது, அதுதான் எனக்கு அதிகம் கவலை. சைக்ளோடெக்ஸ்ட்ரின் வளையத்துக்கு ஒரு வாய் அகலம், மறு வாய் ஒடுக்கம். சினமால்டிகைட்டுக்கும் ஒரு முனையில் பென்சீன் வளையம், மறு முனையில் அல்டிகைட்டுக் கூட்டம். உள்ளே அது இரண்டு விதமாகப் படுக்கலாம். முன்னோக்கிய பத்தும் ஒரே கிடையில் தொடங்கியிருந்து, எதிர்த்திசையில் சில மற்றக் கிடையில் போய் முடிந்தால், நீங்கள் ஒப்பிடுவது இரண்டு வேறு செயல்களை. குரூக்ஸின் தொடர்பு அங்கே பொருந்தாது. ஒவ்வோர் எதிர்த்திசை இழுப்பின் முடிவிலும் எந்தக் கிடையில் படுத்திருக்கிறது என்று திரையில் பாருங்கள். மாறினால், இரு திசையிலும் கிடையைப் பிடித்து வைக்கும் ஒரு கட்டுப்பாடு போட்டு மறுபடி ஓட்டுவதே சுத்தம், பத்து ஆறாகக் குறைந்தாலும் பரவாயில்லை. எண்ணிக்கை சமமில்லாவிட்டால் பென்னட்டின் சூத்திரத்தில் அந்த விகிதத்துக்கு இடம் உண்டு.

அறிக்கையில் இருபது வேலை எண்களையும் அட்டவணையாகப் போடுங்கள், இரு பரம்பலையும் ஒரே படத்தில் வரையுங்கள், பென்னட் விடையையும் அதன் வழுவையும் கொடுத்துவிட்டு, இரண்டு ஜார்ஸின்ஸ்கி விடைகளையும் கீழே எழுதுங்கள். 11.2 கே.ரி என்பது மோலுக்கு 28 கிலோயூல் அளவு. ஆனால் இது வில்லின் இரண்டு நிலைகளுக்கு இடையிலான வேறுபாடு மட்டுமே, பிணைப்புச் சுயாதீன சக்தி இல்லை. பரிசோதனை எண்ணோடு ஒப்பிடப் போகிறீர்கள் என்றால், வெளியே மூலக்கூறுக்கு வில் விட்டுவைத்த இடத்தை, லீற்றருக்கு ஒரு மோல் என்ற நியம நிலையில் ஒரு மூலக்கூறுக்குக் கிடைக்கும் 1.66 கன நனோமீற்றரோடு ஒப்பிட்டு, அந்த விகிதத்தின் மடக்கையையும் சேர்க்க வேண்டும்.